அழகு சில்லில், ஆயுள் இடுக்கில்: மட்டக்களப்புக் குளியலறைகளும் மொசைக் வேலையும்

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் இன்று எழும் புதிய வீடுகளில், வரவேற்பறைக்கு அடுத்தபடியாகக் காசு இறங்கும் இடம் குளியலறைதான். ஒரு தலைமுறைக்கு முன்னர் நிலைமை வேறு. குளிப்பு கிணற்றடியில் நடந்தது. மலசலகூடம் வளவின் பின்மூலையில், வீட்டிலிருந்து எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி இருந்தது. 1978 நவம்பர் சூறாவளி, நீண்ட போர், 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை என்று அடுத்தடுத்து வந்த அழிவுகளுக்குப் பிறகு, பல குடும்பங்கள் ஒரு தடவைக்கு மேல் வீடு கட்டியிருக்கின்றன. 2012இல் தொடங்கிய இந்திய வீடமைப்புத் திட்டத்தில் வடக்கு கிழக்கில் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தது 550,000 ரூபா. சுவரும் கூரையும் எழுப்பவே சரியாகப் போகும் தொகை அது. தரைக்கு டைல்ஸ், கதவு, குளியலறை என்பனவெல்லாம் அந்தந்தக் குடும்பம் பிறகு தன் உழைப்பில் சேர்த்தவை. இந்த வரலாற்றை மறந்துவிட்டு ஒரு வீட்டின் குளியலறைச் சுவரைப் பார்த்து ‘ஆடம்பரம்’ என்று சொல்வது நியாயமாகாது. வீட்டுக்குள் தாழ்ப்பாள் போட்டுக் குளிக்க ஓர் அறை இருப்பது, முதலில் பெண்களுக்கும் முதியவர்களுக்கும் கிடைத்த மதிப்பு.

அந்த அறையை அலங்கரிக்கும் விருப்பத்துக்கும் இந்த மண்ணில் காரணம் உண்டு. வாவியின் கிழக்கே எழுவான்கரையிலும் மேற்கே படுவான்கரையிலும், தமிழரிடமும் முஸ்லிம்களிடமும், மகளுக்கு வீடு கொடுப்பது பொது வழக்கு. சீதன வீடு என்பது தகப்பனின் உழைப்பையும், பல குடும்பங்களில் மத்திய கிழக்கில் வேலை செய்த தாயின் உழைப்பையும் ஊருக்குக் காட்டும் இடம். கட்டாரிலும் சவுதியிலும் பிறர் வீடுகளின் வண்ணச் சில்லுச் சுவர்களைத் துடைத்து வந்த ஒரு பெண், தன் மகளின் வீட்டில் அப்படி ஒரு சுவர் இருக்கவேண்டும் என்று ஆசைப்படுவதில் குறை காண எதுவுமில்லை. கோலத்தின் வடிவொழுங்கும், மருதமுனைக் கைத்தறிக் கரைகளும், பன்பாயில் சாயமிட்டு இழைத்த கட்டங்களும் பழகிய கண்ணுக்கு மொசைக் வேலை அந்நியமாகத் தோன்றாது. ஆகவே இந்தக் கட்டுரையின் வழக்கு அழகோடு அல்ல. நுணுக்கமான சில்லு வேலையை நாம் குளியலறையில் தவறான இடத்தில், தவறான அளவில் பதிக்கிறோம். அதன் விலையைப் பிறகு அந்த அறையைக் கழுவுகிறவர் கொடுக்கிறார் என்பதே இங்கு நிறுவ முயலும் கருத்து.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ‘டிசைன் டைல்ஸ்’ என்று கடையில் ஒரே பெயரால் கேட்கப்படுபவை உண்மையில் மூன்று வகை. தமிழ்நாட்டுச் செட்டிநாட்டின் ஆத்தங்குடிக் கல்லில் கோலம் கல்லின் உடம்பிலேயே இருக்கிறது: கண்ணாடித் தகட்டின்மேல் அச்சை வைத்து, நிறம் கலந்த சீமெந்துக் கூழை ஒவ்வொரு அறையிலும் ஊற்றி, பின்புறம் மணலும் சீமெந்தும் நிரப்பி, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிறார்கள். இயந்திரத்தில் அச்சிட்ட பீங்கான் டைல்ஸில் கோலம் தோலில் இருக்கிறது. மேலே கண்ணாடி போன்ற மெருகுப் பூச்சு அதைக் காக்கிறது. மொசைக்கிலோ கோலம் வெவ்வேறு நிறச் சில்லுகளும் அவற்றுக்கு நடுவேயுள்ள இடுக்குகளும் சேர்வதால் உருவாகிறது. ஓர் அங்குலச் சில்லுகள் பக்கம் பக்கமாக நின்று, நடுவில் விட்ட கோடுகளோடு சேர்ந்து மீனையும் பூவையும் எட்டுமுனை நட்சத்திரத்தையும் வரைகின்றன. அதாவது மொசைக்கை வாங்குகிறவர் சில்லை வாங்குவதாக நினைத்தாலும், கூடவே இடுக்கையும் வாங்குகிறார். இந்த வேலையின் நன்மை தீமை இரண்டும் அந்த இடுக்கிலிருந்தே பிறக்கின்றன.

நன்மையை முதலில் பார்ப்போம், அது சிறியதல்ல. குளியலறைத் தரைக்கு வாட்டம் வேண்டும். தண்ணீர் நாலு பக்கமிருந்தும் வடிகால் துளையை நோக்கி ஓடவேண்டும். இரண்டடி டைல்ஸை அந்த வாட்டத்துக்கு வளைக்க முடியாது, மூலைவாட்டில் வெட்டவேண்டும். வெட்டுச் சரியில்லாவிட்டால் ஓரிடத்தில் தண்ணீர் தேங்கும். சிறு சில்லுத் தாள் துணி விரிப்பதுபோல் வாட்டத்தோடு படியும். வளைந்த சுவரிலும் தூணிலும் அப்படியே. அடுத்தது வழுக்கல். ஈரக்கால் பட்டவுடன் பளபளப்பான பெரிய டைல்ஸில் பிடிமானம் போய்விடுகிறது. சில்லுத் தரையிலோ ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஒரு விளிம்பு பாதத்தைப் பிடிக்கிறது. மகளின் வீட்டு வளவிலேயே பெற்றோர் முதுமையைக் கழிக்கும் இந்தப் பகுதியில் இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். மேலும் ஒரு சில்லு உடைந்தால் அந்தச் சில்லை மட்டும் மாற்றினால் போதும். கி.பி. 216இல் திறக்கப்பட்ட ரோமின் கரகல்லாக் குளியல் மண்டபத்தின் தரைகளிலும், மொரோக்கோவின் ஃபெஸ் நகரக் கைவினைஞர்கள் உளியால் கொத்திப் பதிக்கும் செலீஜ் வேலையிலும், குளிப்பும் சில்லும் பல நூற்றாண்டுகளாகச் சேர்ந்தே வந்திருக்கின்றன. ஆனால் பொதுக் குளியல் மண்டபத்தைப் பேணுவது வேறு, ஒரு வீட்டுக் குளியலறையைக் கழுவுவது வேறு.

இப்போது ஒரு சிறு கணக்கு. ஆறடிக்கு ஐந்தடி அறை, ஏழடி உயரத்துக்குச் சுவர், ஒரு கதவு: நம் பகுதியின் நடுத்தர வீட்டுக் குளியலறை இதுதான். தரையும் சுவரும் சேர்த்து ஏறத்தாழ 168 சதுர அடி, அதாவது 15.6 சதுர மீற்றர். இதற்கு 30 சென்ரிமீற்றருக்கு 60 சென்ரிமீற்றர் டைல்ஸை இரண்டு மில்லிமீற்றர் இடுக்கு விட்டுப் பதித்தால், எல்லா இடுக்குகளையும் நீட்டிப் பிடித்த நீளம் ஏறத்தாழ 78 மீற்றர். அதே அறை முழுவதையும் ஓர் அங்குலச் சில்லால், அதே இரண்டு மில்லிமீற்றர் இடுக்குடன் பதித்தால் நீளம் ஏறத்தாழ 1,150 மீற்றர். வாவியின் மேலுள்ள கல்லடிப் பாலத்தில் இரண்டு தரம் போய் இரண்டு தரம் திரும்பி வந்தால் எவ்வளவு தூரமோ, கிட்டத்தட்ட அவ்வளவு. பரப்பாகப் பார்த்தால் இன்னும் தெளிவு: பெரிய டைல்ஸ் பதித்த அறையில் நூற்றுக்கு ஒரு பங்கு இடுக்கு, சில்லு பதித்த அறையில் நூற்றுக்குப் பதினான்கு பங்கு. ஆறடிக்கு நாலடிப் பாய் ஒன்றை விரித்த அளவு பரப்பு, பீங்கானோ கண்ணாடியோ அல்லாத, இடுக்கை நிரப்பும் வெறும் சீமெந்துக் கிரவுட்டாக, நாள்தோறும் தண்ணீர் படும்படி நிற்கிறது.

அந்தத் தண்ணீர் எத்தகையது என்பது அடுத்த கேள்வி. வாவிக்கும் கடலுக்கும் நடுவேயுள்ள மணற்பிட்டியில் கிணறுகள் ஆழமற்றவை. மழைநீர் மணலில் இறங்கித் தங்கும் மெல்லிய நன்னீர்ப் படையே அவற்றின் ஊற்று. அளவுக்கு மீறி இறைத்தால் அடியிலிருந்து சவர் ஏறும். உன்னிச்சைக் குளத்து நீர் குழாய்வழி வந்த பிறகும், குடிக்கக் குழாய்த் தண்ணீர், குளிக்கக் கிணற்றுத் தண்ணீர் என்று வைத்திருக்கும் வீடுகள் உண்டு. கிணற்று நீரில் சுண்ணாம்பு கூடினால் வெள்ளைப் படிவு. இரும்பு கூடினால் காவிக் கறை. மெருகிட்ட பீங்கான் இவற்றை ஏற்றுக்கொள்ளாது, துடைத்தால் போய்விடும். சீமெந்துக் கிரவுட் நுண்துளை நிறைந்தது. உறிஞ்சி உள்ளே வைத்துக்கொள்ளும். கார்த்திகையிலிருந்து தை வரை மாரி அடிக்கும் மாதங்களில் அறை ஒருநாளும் முழுதாக உலர்வதில்லை. அப்போது இடுக்குகளில் கரும்பாசி பிடிக்கிறது. நிலத்தடி நீர் மேலெழும் தாழ்ந்த வளவுகளில் இன்னொரு தொல்லை: ஈரம் சுவரின் அடியிலிருந்து உப்பைக் கரைத்துக்கொண்டு ஏறி, வெளியே வர வழி தேடுகிறது. பீங்கான் வழிவிடாது, இடுக்கு விடும். கழுவாத கடல் மணலைச் சாந்தில் கலந்திருந்தால் உப்பு வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. புதுவீடு புகுந்து ஒரு மாரி போனதும் சில்லால் பதித்த நீல மீனின் செதில்களுக்கு நடுவே வெள்ளை மாவு பூத்திருப்பதன் காரணம் இதுதான்.

இந்தக் கறையை யார் எடுக்கிறார் என்று கேட்டால் விவாதம் அழகியலை விட்டு நீதிக்கு வருகிறது. பெரும்பாலான வீடுகளில் விடை ஒன்றே: அந்த வீட்டுப் பெண். பழைய பற்தூரிகையை எடுத்துக் குந்தியிருந்து, ஒரு சில்லின் நாலு பக்கத்தையும் தேய்த்து அடுத்த சில்லுக்குப் போகும் வேலை அது. கை சலித்ததும் ஹாட்வெயார் கடையிலிருந்து அசிட் போத்தல் வருகிறது. அசிட் கறையை எடுப்பது உண்மை. கூடவே கிரவுட்டையும் கரைக்கிறது. சீமெந்து காரத்தன்மை உடையது, அசிட்டை அது தாங்காது. ஒவ்வொரு கழுவலுக்கும் இடுக்கு கொஞ்சம் குழியாகிறது. குழியில் இன்னும் அழுக்கு நிற்கிறது. அடுத்த தடவை இன்னும் அசிட் தேவைப்படுகிறது. அசிட் ஊற்றிய தரையில் வெளுக்கும் குளோரின் திரவத்தையும் சேர்த்து ஊற்றினால் எழும் நச்சுவாயு, சிறு ஜன்னல் மட்டும் உள்ள அறையில் ஆளையே சாய்க்கக்கூடியது. மகளுக்குச் சீதனமாகக் கொடுத்த அழகு, அவள் கைக்குத் தலைமுறை வேலையாகவும் சேர்ந்தே போகிறது. கொடுத்தவர்கள் இதை நினைத்துக் கொடுக்கவில்லை. நினைக்காமல் விட்டதுதான் பிழை.

வேலைத்திறனைத் தனியே பார்க்கவேண்டும், ஏனெனில் மேற்சொன்ன குறைகளில் பாதியைக் கூட்டுவதும் குறைப்பதும் மேசனின் கையில் இருக்கிறது. சில்லுகள் ஓரடிச் சதுரத் தாள்களாக, பின்புறம் வலையில் ஒட்டி வருகின்றன. வலையை ஒட்டிய பசை நீரில் கரையும் வகையாக இருந்தால், சில நாள் ஈரத்திலேயே சில்லு கழன்றுவிடும். பதிக்கமுன் ஒரு தாளை வாளித் தண்ணீரில் ஓரிரவு ஊறப்போட்டால் உண்மை தெரிந்துவிடும். பெரிய டைல்ஸுக்குப் பழகிய கை சீமெந்துக் கூழைத் தடிப்பாக அப்பி அழுத்தும். சில்லுத் தாளில் அப்படிச் செய்தால் கூழ் ஒவ்வோர் இடுக்காலும் பிதுங்கி மேலே வரும். கிரவுட் இறங்க இடமிருக்காது. சுவரை முதலில் மட்டமாகப் பூசி உலரவிட்டு, டைல் பசையைப் பல்வைத்த கரண்டியால் கோடு விழ இழுத்து, அந்தக் கோடுகளைத் தட்டையாக நீவிவிட்டு, பிறகு தாளை வைத்து மரப்பலகையால் மெல்லத் தட்டவேண்டும். கண்ணாடிச் சில்லானால் பசை வெள்ளையாக இருக்கவேண்டும்; சாம்பல் நிறப் பசை சில்லினூடே தெரிந்து நிறத்தைக் கொன்றுவிடும். எல்லாவற்றிலும் கடினம், ஒரு தாளும் மறுதாளும் சேரும் கோடு. தாளுக்குள் இடுக்கு இரண்டு மில்லிமீற்றர், தாளுக்கிடையே மூன்று என்று ஆகிவிட்டால், தூரத்திலிருந்து பார்க்கும்போது சுவர் முழுவதும் ஓரடிச் சதுரங்களாகத் தெரியும், மீன் துண்டுதுண்டாகிவிடும். இவ்வளவு பொறுமை கேட்கும் வேலைக்குச் சதுர அடிக் கணக்கில் கூலி பேசுகிறோம். வேகத்துக்குக் கூலி கொடுத்துவிட்டு நிதானம் இல்லையென்று மேசனைக் குறைசொல்வதில் பயனில்லை.

பதிக்கும் மேற்பரப்பைவிட முக்கியமானது அடியில் உள்ளது. டைல்ஸ் பதித்துவிட்டால் தண்ணீர் இறங்காது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது, அது தவறு. தண்ணீரைத் தடுப்பது டைல்ஸுக்கு அடியில் பூசும் நீர்க்காப்புப் படலம். அதற்கும் அடியில், இன்னும் பெரிய விஷயம்: மலக்குழி. மணல் நிலத்தில், நீர்மட்டம் உயர்ந்த வளவில், நெருக்கமாக வீடுகள் உள்ள காத்தான்குடி போன்ற ஊர்களில், அடித்தளமில்லாத குழியிலிருந்து கசிவது அயலவரின் கிணற்றுக்குத்தான் போகும். வரவுசெலவை எழுதும்போது சுவரின் மீனுக்கு முதல் வரியும், மூடிய மலக்குழித் தொட்டிக்கும் நீர்க்காப்புக்கும் காற்றோட்ட ஜன்னலுக்கும் கடைசி வரியும் கிடைப்பதே இந்த வழக்கத்தின் மிகப் பெரிய குறை. கடற்காற்றும் கச்சான் காற்றும் மாறி மாறி வீசும் ஊரில், எதிரெதிரே இரண்டு உயர்ந்த ஜன்னல் வைத்தாலே பாசி குறையும். அதற்குச் செலவும் அதிகமில்லை.

சில்லு வேலையைப் பற்றிய இந்த வாதத்துக்கு வரும் முதல் மறுப்பு, சீமெந்துக் கிரவுட்டை விட்டு எபொக்சிக் கிரவுட் போட்டால் எல்லாம் தீரும் என்பது. இதில் உண்மை இருக்கிறது. எபொக்சி தண்ணீரை உறிஞ்சாது. கறையும் எளிதில் பிடிக்காது. வீட்டு அசிட் அதைச் சட்டென்று தின்னாது. ஆனால் அதன் விலை பல மடங்கு, தேவைப்படும் அளவோ இடுக்கின் நீளத்தைப் பொறுத்தது. ஒரு கிலோமீற்றர் இடுக்கை எபொக்சியால் நிரப்புவது பல வீடுகளுக்குப் பெரும் செலவு. எபொக்சி வெப்பத்தில் விரைவாக இறுகும். எங்கள் பகல் வெயிலில் கலந்த கலவை கையிலேயே கெட்டியாகிவிடலாம். சில்லின்மேல் படிந்ததை உடனே துடைக்காவிட்டால் பிறகு எடுப்பது பெரும்பாடு. ஆகவே எபொக்சி சிறிய பரப்புக்குப் பொருந்தும் மருந்து. நீச்சல் தடாகங்களில் சில்லு நிலைக்கிறதே என்பது இரண்டாவது மறுப்பு. தடாகத்தில் தண்ணீரின் அமில காரச் சமநிலையையும் குளோரின் அளவையும் ஒருவர் ஓயாமல் அளந்து திருத்துகிறார். பராமரிப்புக்கு ஆள் வைத்த பாசிக்குடா ஹோட்டலையும் மாரியில் தானே கழுவும் கொக்கட்டிச்சோலை வீட்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

மூன்றாவது மறுப்பு இன்னும் ஆழமானது: இவ்வளவு இழந்த மக்கள் கொஞ்சம் வண்ணத்தை விரும்பும்போது, கணக்குப் பார்த்து வெள்ளைச் சுவரை அவர்கள்மேல் திணிக்கலாமா? திணிக்கக் கூடாது. வெறும் பயனை மட்டும் பார்த்தால் சீமெந்துத் தரையே போதும். ஆனால் ஆசைக்கு மதிப்புக் கொடுப்பதென்றால் அந்த ஆசை பத்து வருடத்துக்குப் பிறகும் அழகாக நிற்கும்படி செய்வதுதான் மதிப்பு. மூன்றாம் மாரியில் கறுத்துப்போன நட்சத்திரம் யாருடைய உழைப்பையும் பெருமைப்படுத்தாது. அச்சிட்ட கோல டைல்ஸ் இங்கு ஒரு வழி. அதைப் போலி என்று ஒதுக்குவோர் உண்டு. கையால் பதித்த சில்லின் ஒளி, வெயில் சாயும்போது ஒவ்வொரு துண்டும் வெவ்வேறாக மின்னும் அழகு, அச்சில் வராது என்பது உண்மையே. ஆயினும் தண்ணீர் தெறிக்கும் சுவருக்குக் கோலம் தோலில் இருப்பது இடுக்கில் இருப்பதைவிட நல்லது. ஆத்தங்குடிக் கல் கூடத்துக்கு அருமை. ஆனால் அது சீமெந்துக் கல், அசிட் பட்டால் முகம் அரித்துப்போகும், ஈர அறைக்கு உகந்ததல்ல.

நான்காவது மறுப்பு தொழில் சார்ந்தது: நுணுக்க வேலை குறைந்தால் கைவினை அழியாதா? எதிர்மாறாக நடக்கும் என்றே கருதுகிறேன். அறை முழுவதும் தாள் தாளாக ஒட்டும்போது மேசனுக்கு வேகம்தான் திறன். ஒரு நாலு சதுர அடிப் பலகத்தை, வாவியின் மீனையோ தாமரையையோ சில்லாக வெட்டி வரைந்து பதிக்கச் சொல்லி நாட்கூலி கொடுத்தால், அங்கே கைக்கு வேலை இருக்கிறது. மேசன் தொழிலுக்குத் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் ஏற்கெனவே இருக்கும் நாட்டில், இந்த நுண்வேலையை இளைஞருக்குத் தனியே பயிற்றுவிக்க வழி உண்டு. உடைந்தால் மாற்றச் சில்லு கையிருப்பில் இல்லாத பிரச்சினையும் இதனால் குறையும். 2020இல் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இறக்குமதிகளுக்குக் கட்டுப்பாடு வந்தபோது வெளிநாட்டு டைல்ஸும் அதில் அடங்கின. உடைந்த சுவருக்கு அதே நிறம் தேடியவர்கள் அலைந்தார்கள். சிறு பலகமானால் ஒரு பெட்டிச் சில்லை மிச்சம் வைத்துக்கொள்வது எவருக்கும் முடியும்.

எனவே தீர்ப்பு இது. இன்றைய வழக்கத்தைத் தலைகீழாக்க வேண்டும். இப்போது கண்ணுக்குத் தெரியும் சுவர் முழுவதும் சில்லு, காலுக்குக் கீழே பளபளக்கும் பெரிய டைல்ஸ். குளிக்கும் மூலையில், மூன்றடிக்கு மூன்றடித் தரையில், இரண்டங்குலச் சொரசொரப்பான சில்லும் எபொக்சிக் கிரவுட்டும் இருக்கட்டும். வாட்டமும் பிடிமானமும் அங்கேதான் தேவை. தண்ணீர் தெறிக்கும் சுவருக்குப் பெரிய டைல்ஸ். கோலம், ஈரம் எட்டாத மேற்சுவரில், ஆள் நுழைந்ததும் கண்ணில் படும் ஒரு பலகமாக இருக்கட்டும். இப்படிச் செய்தால் அதே அறையில் இடுக்கின் நீளம், அறை முழுவதும் சில்லு பதித்தால் வரும் 1,150 மீற்றரிலிருந்து ஏறத்தாழ 130 மீற்றராக, கிட்டத்தட்ட ஒன்பதில் ஒரு பங்காகக் குறையும், அழகு குறையாது. மிஞ்சும் காசு மலக்குழிக்கும் நீர்க்காப்புக்கும் ஜன்னலுக்கும் போகட்டும். மகளுக்கு வீடு கட்டும் பெற்றோரிடம் கேட்பது ஒன்றுதான்: கடையில் சில்லின் நிறத்தைத் தெரிவு செய்யுமுன், மாரியில் அந்த இடுக்குகளைக் கழுவப்போகும் மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு தெரிவு செய்யுங்கள்.